"வெளிவராத ஆல்பம்" என்றால் என்ன? நீல் யங் காப்பகத்தை வைத்து ஓர் அறிமுகம்

மூத்த இசைக்கலைஞர் ஒருவரின் வெளிவராத ஆல்பம் வரப்போகிறது என்று செய்தி கிளம்பியதும் ரசிகர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். இது உண்மையிலேயே யாரும் கேட்காததா? இத்தனை வருஷம் ஏன் உள்ளேயே கிடந்தது? ஸ்பாட்டிஃபையில் வருமா, இதற்கென்று தனியாகக் காசு கட்ட வேண்டுமா? இவற்றுக்கு விடை தேட நீல் யங்கைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். 1945இல் கனடாவின் டொரண்டோவில் பிறந்தவர். 1960களிலிருந்து ஓயாமல் பதிவு செய்துவருபவர். ஆல்பமாக வந்ததற்கு இணையாக, வராமல் டேப்பில் தங்கிப்போனவையும் அவரிடம் ஏராளம். 2017 டிசம்பர் 1 அன்று அந்தச் சேமிப்பை 'நீல் யங் ஆர்க்கைவ்ஸ்' என்ற சொந்தத் தளமாகத் திறந்தார். ரசிகர்கள் சுருக்கமாக என்ஒய்ஏ என்கிறார்கள்.

புதிதாக உள்ளே நுழைபவர்கள் ஒலித்தரத்தைக் குறிக்கும் 24-பிட், 192 கிலோஹெர்ட்ஸ் போன்ற எண்களில்தான் முதலில் மாட்டிக்கொள்கிறார்கள். எண்களைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, ஒவ்வொரு பாட்டோடும் வரும் தேதியையும் இடத்தையும் படிக்கப் பழகுங்கள். இந்தக் காப்பகத்தின் பெரிய மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

வெளிவராதவை பல வகை

2017இல் வந்த 'ஹிட்ச்ஹைக்கர்' ஆல்பத்தை எடுத்துக்கொள்வோம். 1976 ஆகஸ்ட் 11 அன்று, கலிஃபோர்னியாவின் மலிபுவில் உள்ள இண்டிகோ ராஞ்ச் ஸ்டுடியோவில் ஒரே இரவில் பாடி முடித்தது. பத்துப் பாட்டு, தயாரிப்பாளர் டேவிட் பிரிக்ஸ். 41 வருஷம் கழித்துத்தான் ஆல்பமாக வந்தது. ஆனால் பத்தில் எட்டுப் பாட்டு ரசிகர்களுக்கு ஏற்கெனவே ஏதோ ஒரு வடிவத்தில் தெரிந்தவை. எந்த வடிவத்திலும் வெளிவராதவை 'ஹவாயி', 'கிவ் மி ஸ்ட்ரெங்த்' என்ற இரண்டு மட்டுமே.

மற்ற எட்டில்தான் பாடமே இருக்கிறது. 'போகஹாண்டஸ்' பாட்டு 1979இல் 'ரஸ்ட் நெவர் ஸ்லீப்ஸ்' ஆல்பத்தில் வந்தது. அதில் நாம் கேட்டது இதே 1976 இரவின் பதிவைத்தான். பின்னால் அதன் மேல் வேறு ஒலிகளைச் சேர்த்திருந்தார்கள். இதை ஓவர்டப் என்பார்கள். 'ஹிட்ச்ஹைக்கர்' ஆல்பத்தில் அந்தச் சேர்க்கை எதுவும் இல்லை, குரலும் கிட்டாரும் பாடிய நேரத்தில் இருந்தபடியே இருக்கின்றன. ஆக டேக், அதாவது ஒரு தடவை பாடிப் பதிவுசெய்தது, ஒன்று; வடிவம் இரண்டு. 'பவுடர்ஃபிங்கர்' கதை வேறு. 1979 ஆல்பத்தில் இருப்பது கிரேஸி ஹார்ஸ் குழுவோடு மேடையில் முழங்கிய எலெக்ட்ரிக் வடிவம், 1976இல் பாடியது தனி ஆளாக அக்கூஸ்டிக்கில். அதாவது பாட்டு ஒன்றாக இருந்தாலும் பதிவுகள் இரண்டு. 'கேம்பெய்னர்' இன்னொரு மாதிரி: 1977இல் வந்த 'டெகேட்' தொகுப்பில் ஒரு சரணத்தை வெட்டிவிட்டுப் போட்டிருந்தார்கள், 2017இல் அது திரும்பி வந்தது.

ஆகவே "வெளிவராதது" என்று எங்காவது பார்த்தால் எது வெளிவராதது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாட்டே புதிதா, டேக் மட்டும் வேறா, டேக் அதுவேயாக இருந்து மிக்ஸ் (குரலையும் கருவிகளையும் அளவு பார்த்துக் கலந்த விதம்) மட்டும் மாறியிருக்கிறதா, மேடைப் பதிவா, அல்லது தனித்தனியாக வந்துவிட்ட பாட்டுகளை முதலில் திட்டமிட்ட வரிசையில் இப்போது கோத்துத் தருகிறார்களா? விளம்பர வாசகத்தில் இவை அத்தனைக்கும் ஒரே பெயர்தான். இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் பெரிய பெட்டித் தொகுப்பு வாங்கிவிட்டு, பாதிப் பாட்டு ஏற்கெனவே கேட்டதுதானே என்று வருத்தப்படுபவர்கள் உண்டு. வாங்குவதற்கு முன் பாடல் பட்டியலில் "முன்பு வெளிவராத பாட்டு", "முன்பு வெளிவராத வடிவம்" என்ற இரண்டு குறிப்பையும் தனித்தனியாக எண்ணிப் பாருங்கள்.

ஏன் முடங்கிக் கிடக்கின்றன?

தரம் போதவில்லை என்பதால் ஒதுக்கியிருப்பார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். நீல் யங் விஷயத்தில் அது அபூர்வம். 'ஹோம்க்ரோன்' 1974 நடுவிலிருந்து 1975 தொடக்கம் வரை பதிவானது. நடிகை கேரி ஸ்னாட்கிரெஸ்ஸுடனான உறவு முறிந்துகொண்டிருந்த காலம் அது. அந்தப் பாட்டுகள் தன் சொந்த வாழ்க்கைக்கு மிக நெருக்கமாக இருப்பதாக அவருக்குப் பட்டது. அதை நிறுத்திவிட்டு, 1973இலேயே பெரும்பாலும் பதிவாகிக் கிடந்த 'டுநைட்ஸ் த நைட்' ஆல்பத்தை 1975இல் வெளியிட்டார். 'ஹோம்க்ரோன்' 2020 ஜூன் 19 அன்று வந்தது. நடுவில் அதன் பாட்டுகள் சும்மா இருக்கவில்லை. 'லவ் இஸ் எ ரோஸ்' 1977இல் 'டெகேட்' தொகுப்புக்குப் போனது, 'ஸ்டார் ஆஃப் பெத்லஹெம்' அதே ஆண்டு 'அமெரிக்கன் ஸ்டார்ஸ் அண்ட் பார்ஸ்' ஆல்பத்துக்கு, 'லிட்டில் விங்' 1980இல் 'ஹாக்ஸ் அண்ட் டவ்ஸ்' ஆல்பத்துக்கு. முடக்கிவைத்த ஆல்பம் அடுத்தடுத்த ஆல்பங்களுக்குக் கிடங்காக மாறுவது இவரிடம் வழக்கம்.

உரிமைச் சிக்கலும் ஒரு காரணம். ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. எழுதி இசையமைத்ததற்கு ஒன்று. அதைப் பாடிப் பதிவுசெய்த ஒலிக்கு இன்னொன்று. 2021 ஜனவரியில் நீல் யங் சுமார் 1,180 பாட்டுகளில் தன் பங்கின் 50 சதவீதத்தைப் பாட்டுரிமைகளை வாங்கும் ஹிப்னோசிஸ் நிறுவனத்துக்கு விற்றது முதல் வகை உரிமையை. பதிவின் உரிமை இசைத்தட்டு நிறுவனங்களோடு போட்ட ஒப்பந்தங்களைப் பொறுத்தது. அவருடைய பெரும்பாலான ஆல்பங்கள் ரிப்ரைஸ் லேபிளில் வந்தவை, 1980களில் சில ஆண்டுகள் ஜெஃபன் லேபிளில் இருந்தார். எதிர்பார்த்த பாணியில் பாடித் தரவில்லை என்று ஜெஃபன் அவர் மேல் 1983இல் வழக்கே போட்டது. கூட்டாகப் பாடியவை என்றால் இன்னும் சிக்கல். கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ், யங் நால்வரும் 1974இல் போன சுற்றுப்பயணத்தின் பதிவுகள் 2014இல்தான் ஆல்பமாயின. ஒருவர் மட்டும் சம்மதித்தால் போதாத இடம் அது.

இதெல்லாம் தீர்ந்த பிறகும் டேப் ஒத்துழைக்க வேண்டும். 1970களின் நடுவிலிருந்து வந்த சில வகை காந்த டேப்களில், துகளைப் பிடித்துவைத்திருக்கும் பசை காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு பிசுபிசுப்பாகிவிடும். அப்படியே ஓட்டினால் துகள் உரிந்து டேப் ஹெட்டில் அப்பிக்கொள்ளும், ஒலி போனது போனதுதான். அதனால் டேப்பைச் சுமார் 50–55 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சீராகச் சூடாக்கி ஈரத்தைப் போக்குகிறார்கள். இந்தக் குணம் கொஞ்ச காலத்துக்குத்தான் நிற்கும், அதற்குள் டிஜிட்டலுக்கு மாற்றிவிட வேண்டும். டேப்பில் ஏற்கெனவே முடித்துவைத்த இரண்டு டிராக் மிக்ஸ் இருந்தால் வேலை சுலபம். 16 அல்லது 24 டிராக்கில் தனித்தனியாக இருந்தால் இப்போது புதிதாக மிக்ஸ் செய்ய வேண்டும். அப்போது நீங்கள் கேட்பது 1970களின் வாசிப்பு, ஆனால் ஒலிச்சமநிலை இன்றைய முடிவு.

பூட்லெக்கும் அதிகாரபூர்வ பூட்லெக்கும்

கச்சேரிக்கு வந்த யாரோ ஒருவர் ரகசியமாகப் பதிவுசெய்தது, ஸ்டுடியோவிலிருந்து கசிந்தது என்று உரிமையாளருக்குத் தெரியாமல் சுற்றுவதைப் பூட்லெக் என்கிறோம். 1977இல் திட்டமிட்டுக் கைவிட்ட 'க்ரோம் ட்ரீம்ஸ்' பல பத்தாண்டுகள் பூட்லெக்காகவே ரசிகர்களிடம் உலாவியது. முதல் பாகம் வெளிவராமலே 2007இல் 'க்ரோம் ட்ரீம்ஸ் II' வந்ததும் நடந்தது. முதல் பாகம் 2023 ஆகஸ்ட் 11 அன்று வந்தது.

2021இல் நீல் யங் வேறு வழி பிடித்தார். 'அஃபிஷியல் பூட்லெக் சீரீஸ்' என்ற வரிசையைத் தொடங்கி, 1970 டிசம்பரில் நியூயார்க்கின் கார்னெகி ஹாலில் பாடியதை முதலில் வெளியிட்டார். அந்த வரிசையில் வரும் சில கச்சேரிகளுக்குத் தன்னிடமுள்ள மூல டேப்பைப் பயன்படுத்துகிறார். சிலவற்றுக்கு அப்படி டேப்பே இல்லை. 1974 மே 16 இரவு நியூயார்க்கின் பாட்டம் லைன் அரங்கில் முன்னறிவிப்பில்லாமல் மேடையேறிப் பாடினார். 'ஆன் த பீச்' ஆல்பம் அப்போது இன்னும் வெளிவரவில்லை, அதன் சில பாட்டுகளை அங்கே கூடியிருந்தவர்கள் முன்கூட்டியே கேட்டார்கள். நமக்குக் கிடைத்திருப்பது பார்வையாளர் ஒருவர் எடுத்த பதிவு. 'சிட்டிசன் கேன் ஜூனியர் ப்ளூஸ்' என்ற பழைய பூட்லெக் பெயரிலேயே 2022இல் அதை வெளியிட்டார்கள். கூட்டத்தின் சலசலப்பும் தூரத்துக் குரலும் அதில் அப்படியேதான் இருக்கும். இதை எத்தனை பிட்டில் ஸ்ட்ரீம் செய்தாலும் ஸ்டுடியோ ஒலி ஆகாது. ஆனாலும் கேட்க வேண்டிய பதிவு என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. புதுப் பாட்டை ஒரு சின்ன அரங்கு முதன்முதலாக எப்படி வாங்கிக்கொள்கிறது என்பது அந்தக் கரகரப்புக்குள் தெளிவாகக் கேட்கிறது.

மேடைப் பதிவில் சவுண்ட்போர்டு என்று குறிப்பிட்டிருந்தால் ஒலிக் கட்டுப்பாட்டு மேசையிலிருந்து நேரடியாக எடுத்தது என்று அர்த்தம். குரல் சுத்தமாக இருக்கும், கூட்டத்தின் ஒலி குறைவாக இருக்கும். ஆடியன்ஸ் என்றிருந்தால் மேலே சொன்ன வகை.

தளத்துக்குள் எப்படிப் படிப்பது

என்ஒய்ஏ முகப்பில் பழைய ஆபீஸ் இரும்பு அலமாரி மாதிரி இழுப்பறைகள் தெரியும். பாட்டின் பெயர் தெரிந்து தேடுபவர்களுக்கு அது. புதியவர்கள் அதை விட்டுவிட்டு டைம்லைனுக்குப் போவது நல்லது. அங்கே ஆல்பங்கள் காலவரிசையில், ஆண்டுவாரியாக நிற்கின்றன. தளம் திறந்தபோதே, இன்னும் வெளிவராத ஆல்பங்களின் அட்டையைப் பென்சில் கோடாக வரைந்து அதனதன் காலத்தில் பொருத்தியிருந்தார்கள். எது வரவிருக்கிறது என்று ரசிகர்கள் விவாதிப்பதற்கு ஆதாரமே அந்தப் பென்சில் படங்கள்தான்.

ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு தகவல் அட்டை இருக்கிறது. பதிவான தேதி, இடம், வாசித்தவர்கள், தயாரிப்பாளர் எல்லாம் அதில் இருக்கும். சிலவற்றில் கையெழுத்துப் பிரதியும் பழைய பத்திரிகைத் துணுக்கும்கூட இருக்கும். இப்படிச் செய்து பாருங்கள்: 'போகஹாண்டஸ்' என்று தேடி, வரும் வடிவங்களின் அட்டைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பதிவுத் தேதியை மட்டும் ஒப்பிடுங்கள். 'ரஸ்ட் நெவர் ஸ்லீப்ஸ்', 'ஹிட்ச்ஹைக்கர்' வடிவங்களில் 1976 என்ற ஆண்டு ஒட்டிக்கொண்டு வரும். ஆல்பம் வெளிவந்த ஆண்டுதான் மாறும். வெளியீட்டு ஆண்டையும் பதிவு ஆண்டையும் குழப்பிக்கொள்வதுதான் புதியவர்கள் தவறாமல் செய்யும் பிழை. 2020இல் வந்த 'ஹோம்க்ரோன்' ஆல்பத்தைக் கேட்டுவிட்டு, இந்த வயதில் குரல் எவ்வளவு இளமையாக இருக்கிறது என்று வியப்பவர்கள் இப்படித்தான் வழுக்குகிறார்கள்.

பெட்டித் தொகுப்புகளும் காலவரிசைப்படியே நகர்கின்றன. 2009இல் வந்த முதல் தொகுதி 1963 முதல் 1972 வரை. 2020இல் வந்த இரண்டாவது 1972–1976, 2024இல் வந்த மூன்றாவது 1976–1987. மூன்றாவதில் மட்டும் 17 சிடிகள். முதல் தொகுதிக்கும் இரண்டாவதுக்கும் இடையே 11 ஆண்டு இடைவெளி விழுந்ததால் ரசிகர்கள் பொறுமை இழந்ததில் நியாயம் இருந்தது.

எங்கே கேட்பது

வழக்கமான ஆல்பங்களும், பெட்டியில் வந்த பெரும்பாலானவையும் பொதுச் சேவைகளிலும் கிடைக்கும். ஆனால் நீல் யங் விஷயத்தில் அவை அங்கேயே நிரந்தரமாக இருக்கும் என்று நம்பி உட்கார முடியாது. 2015இல் ஒலித்தரம் சரியில்லை என்று ஸ்ட்ரீமிங் சேவைகளிலிருந்து பாட்டுகளை எடுத்தார், பிறகு திரும்பினார். 2022 ஜனவரியில், ஸ்பாட்டிஃபையில் வந்த ஜோ ரோகனின் பாட்காஸ்ட் நிகழ்ச்சியில் கோவிட் தடுப்பூசி பற்றித் தவறான தகவல் பரவுகிறது என்று சொல்லி ஸ்பாட்டிஃபையை விட்டு வெளியேறினார், 2024 மார்ச்சில் திரும்பினார். அந்த இரண்டு வருஷமும் ஸ்பாட்டிஃபை பிளேலிஸ்ட் வைத்திருந்தவர்களுக்கு அவருடைய பாட்டுகள் சாம்பல் நிறமாகிக் கிடந்தன.

என்ஒய்ஏ தொடங்கியபோது இலவசம். 2018 இறுதியில் மாதம் 1.99 டாலர், ஆண்டுக்கு 19.99 டாலர் என்று சந்தா வைத்தார்கள், பிறகு படிநிலைகள் கூடின. கட்டும் முன் நடப்பு விலையையும், எந்தப் படிநிலையில் படங்களும் கச்சேரி ஒளிபரப்பும் சேர்த்தி என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சந்தா என்பது கேட்கும் உரிமை மட்டுமே, நிறுத்தினால் எதுவும் உங்களிடம் மிஞ்சாது. கோப்பாகவே வேண்டும் என்றால், அவர்களுடைய கடையான 'க்ரீடி ஹேண்ட் ஸ்டோர்' வழியாக இசைத்தட்டோ சிடியோ வாங்குபவர்களுக்கு உயர்தர டவுன்லோடும் சேர்த்தே தருகிறார்கள். இந்தியாவுக்கு வரவழைத்தால் தபால் செலவும் சுங்க வரியும் தட்டின் விலையையே மிஞ்சிவிடக்கூடும், கணக்குப் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

எண்களின் கணக்கு

சிடி தரம் என்பது 16-பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், நொடிக்கு 1,411 கிலோபிட். என்ஒய்ஏ தருவதில் உச்சம் 24-பிட், 192 கிலோஹெர்ட்ஸ். அதைச் சுருக்காமல் அனுப்பினால் நொடிக்கு 9,216 கிலோபிட், அதாவது நிமிடத்துக்குச் சுமார் 69 எம்பி. ஒலி குறையாமல் சுருக்கும் ஃபிளாக் போன்ற முறைகள் இதைப் பாதியளவுக்குக் கொண்டுவரும். அப்படியும் 34 நிமிட ஆல்பம் ஒன்று சுமார் 1.2 ஜிபி வரும். அதே ஆல்பத்தை 320 கிலோபிட்டில் கேட்டால் 82 எம்பிதான். நாளுக்கு 1.5 ஜிபி என்று அளந்து தரும் மொபைல் திட்டத்தில் இருப்பவர்கள் தளத்தில் மாஸ்டர் என்று குறிக்கும் உச்சத் தரத்தை வீட்டு வைஃபைக்கு ஒதுக்கிவைப்பது நல்லது. இணைய வேகம் குறைந்தால் தளம் தானாகவே தரத்தை இறக்கிக்கொண்டு பாட்டை நிறுத்தாமல் ஓட்டும். ஆகவே மாஸ்டர் என்று திரையில் இருப்பதால் எல்லா நேரமும் 192 உங்கள் காதுக்கு வருகிறது என்று அர்த்தமில்லை.

அந்த எண் வழியில் தொலைந்துபோகும் இடங்கள் இன்னும் உண்டு. ப்ளூடூத் இயர்போன் போட்டிருந்தால் சாதாரண எஸ்பிசி முறையில் நொடிக்குச் சுமார் 328 கிலோபிட்தான் போகும், ப்ளூடூத்தின் உயர்தர முறையான எல்டாக்கின் உச்சமே 990. ஆப்பிளின் சின்ன ஹெட்ஃபோன் அடாப்டர் 48 கிலோஹெர்ட்ஸைத் தாண்டாது. பல ஆண்ட்ராய்டு போன்கள் எல்லா ஒலியையும் 48க்கு மாற்றித்தான் வெளியே விடும். விண்டோஸில் சவுண்ட் அமைப்புகளுக்குள் போய், உங்கள் ஒலிக் கருவியின் அட்வான்ஸ்ட் பகுதியில் எந்த எண் இருக்கிறதோ அதுதான் உங்களுக்கு வரும். மேக்கில் இதை ஆடியோ மிடி செட்டப்பில் மாற்ற வேண்டும். வெளியிலிருந்து செருகும் யூஎஸ்பி டாக் (டிஜிட்டல் கோப்பை ஒலி சிக்னலாக மாற்றும் கருவி) ஒன்றும் கம்பி ஹெட்ஃபோனும் இருந்து, இந்த அமைப்புகளையும் மாற்றினால்தான் 192 முழுசாக வந்து சேரும்.

வந்து சேர்ந்தாலும் எவ்வளவு வித்தியாசம் கேட்கும்? மனிதக் காது அதிகபட்சம் 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும், சிடி 22 வரை தாங்கும். 1970களின் டேப்பில் மெல்லிய ஒலிக்கும் பலத்த ஒலிக்கும் இடையே பயன்படும் வீச்சு சுமார் 60–70 டெசிபல், 16-பிட்டின் வீச்சு 96. அதனால் சிடி தரத்துக்கு மேலே போகும்போது கிடைக்கும் லாபம் மிகக் குறைவு என்பதே என் கருத்து. நீல் யங் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். 2014இல் கிக்ஸ்டார்ட்டரில் 60 லட்சம் டாலருக்கு மேல் திரட்டி, போனோ என்ற 399 டாலர் பிளேயரையே உருவாக்கியவர் அவர். போனோ 2017இல் முடிவுக்கு வந்தது, அதன் நோக்கம்தான் இன்றைய தளமாகத் தொடர்கிறது. அதன் நிஜமான பயன், இடையில் யாரும் நசுக்காத மாஸ்டர் நமக்குக் கிடைப்பது. 320 சுருக்கத்திலிருந்து ஏறும்போது நல்ல ஹெட்ஃபோனில் சிம்பல் அடியின் வால், அக்கூஸ்டிக் கிட்டாரின் கம்பியில் விரல் உரசும் சத்தம் போன்ற இடங்களில் வேறுபாடு பிடிபடலாம். தளத்திலேயே 320க்கும் மாஸ்டருக்கும் மாற்றும் சுவிட்ச் உண்டு. 'ஹிட்ச்ஹைக்கர்' மாதிரி ஒரே ஆள் பாடும் பதிவை ஓடவிட்டு, வேறு யாரையாவது சுவிட்சை மாற்றச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். உங்கள் காதுக்கும் கருவிக்கும் பலன் இருக்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயம்: 1980களில் நேரடியாக டிஜிட்டலில் பதிவானவற்றுக்கு அந்தக் கால 16-பிட் கோப்புதான் மூலம். அவற்றின் பக்கத்தில் சின்ன எண்ணைப் பார்த்தால் தரம் குறைத்துத் தருகிறார்கள் என்று நினைக்க வேண்டாம், மூலத்தை ஊதிப் பெருக்காமல் தருகிறார்கள்.

எங்கிருந்து தொடங்கலாம்

முதலில் கையில் இருக்கும் சேவையிலேயே 'ரஸ்ட் நெவர் ஸ்லீப்ஸ்' ஆல்பத்தைக் கேளுங்கள், பிறகு 'ஹிட்ச்ஹைக்கர்'. இரண்டிலும் இருக்கும் பாட்டுகள் காதில் நின்ற பிறகு 'க்ரோம் ட்ரீம்ஸ்' கேட்டால், 1977இல் அவர் மனதிலிருந்த வரிசை புரியும். அடுத்து 'டுநைட்ஸ் த நைட்', அதன் பின் 'ஹோம்க்ரோன்': 1975இல் எதை நிறுத்திவிட்டு எதைக் கொடுத்தார் என்பதை இந்த ஜோடி காட்டிக்கொடுக்கும். இவ்வளவும் கேட்டு, இந்தப் பாட்டு எங்கே, யாரோடு, எந்த மாதத்தில் பதிவானது என்று கேட்கத் தோன்றினால் அப்போது என்ஒய்ஏவுக்கு ஒரு மாதச் சந்தா கட்டி, 1973 முதல் 1977 வரையிலான டைம்லைனை அட்டை அட்டையாகப் படித்துக்கொண்டே கேளுங்கள்.